2003 மாருதி 800-இல் ரேடியேட்டர் ஒழுகுகிறது. ஒட்டலாமா, காயலான் கடையில் வாங்கலாமா, புதுசு போடலாமா? கையில் காசு குறைவு.

என்னிடமும் 800தான், 2001 மாடல். நீங்கள் கேட்ட மூன்றையும் அதே வரிசையில் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன்.

ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, பானெட் இடுக்கில் ஆவி. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி வீடு வந்தேன். மறுநாள் மெக்கானிக் கழற்றிக் கையில் கொடுத்தார். விரலால் தடவினால் தகடு மாவு மாதிரி உதிர்கிறது. குழாய் வாயில் வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போல வெள்ளை உப்பு. வண்டியைக் குறை சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றியது நான்.

முதலில் ஒட்டினேன். செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம், தாங்கும். என்னுடையது அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் டேங்க். எபாக்ஸி பசை மூன்று வாரம் நின்றது. அறுநூறு ரூபாய் போச்சு. (மஞ்சள் தூள் போடச் சொல்பவர்கள் உங்களுக்கும் கிடைப்பார்கள். ஓட்டையை அடைக்கிற தூள் நல்ல குழாயையும் அடைக்கும்.) அப்புறம் காயலான் கடையில் 900 கொடுத்து ஒன்று. அதை ஏன் கழற்றிப் போட்டார்கள் என்று யோசிக்கவில்லை, இரண்டே மாதம். கடைசியில் ஸ்பேர்ஸ் கடையில் வெளிக் கம்பெனிப் புதுசு, 2,400. முதல் நாளே இதை வாங்கியிருந்தால் 1,500 மிச்சம்.

ஆனால் வாங்கும் முன் இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் ஏடு படிந்திருந்தால், இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அதை உறுதி செய்யாமல் ரேடியேட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ரேடியேட்டர் மூடியை, அதாவது கேப்பை, புதுசாகவே போடுங்கள். அதன் மேல் 0.9 என்று எண் இருக்கும், அதுதான் அழுத்தம். அந்த அழுத்தத்தில்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 118 வரை தாங்குகிறது. ஸ்பிரிங் தளர்ந்த கேப் இருந்தால் புது ரேடியேட்டரும் கொதிக்கும். ரேடியேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ கல் மாதிரி இறுகியிருந்தாலோ அதையும் மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீருக்குப் பதில் ஊற்றும் கூலன்ட்டைக் கான்சன்ட்ரேட்டாக (கலக்காத கெட்டித் திரவமாக) வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலக்க வேண்டும். 'ரெடி டு யூஸ்' என்று போட்ட டப்பாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாம்.

ஊற்றியவுடன் மூடிவிடாதீர்கள். ஆறிய இன்ஜினில் கேப் போடாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள். குபுக் குபுக்கென்று காற்று வெளியேறும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்ற பிறகு மூடுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், ஒருமுறை மட்டம் பாருங்கள். எனக்கு அரை டம்ளர் குறைந்திருந்தது. கீழ் ஹோஸின் கிளிப் தளர்வு, ஸ்குரூடிரைவரால் இரண்டு சுற்று முறுக்கியதும் நின்றுவிட்டது.