மாடியில் அரைக்கீரை: கேள்வி பதில்

தாம்பரம்: அரைக்கீரை விதை போட்டு 10 நாள் ஆகிறது. ஒன்றுமே முளைக்கவில்லை. விதை மோசமா?

விதையைக் குறை சொல்லும் முன், எவ்வளவு ஆழத்தில் போட்டீர்கள்? கீரை விதை கடுகைவிடச் சிறியது, ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒரு விரற்கடை மண்ணைத் தள்ளிக்கொண்டு வர அதற்குத் தெம்பு கிடையாது. புதைக்காதீர்கள். ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி காய்ந்த மணலில் கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் கொத்தாக விழும். மேலே சலித்த தொழுவுரம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும். தண்ணீர் பூவாளியால் மட்டும்; குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரே மூலைக்குப் போய்விடும். நம் வெயிலுக்கு நாலைந்து நாளில் முளை தெரியும்.

அப்புறம் எறும்பு. தூவிய அன்றே வரிசை கட்டி விதையைத் தூக்கிப் போகும். தொட்டி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போடுங்கள், அதைச் சுமக்கப் போய்விடும்.

மதுரை: எனக்கும் முளைக்கவில்லை. என்ன உரம் போடலாம்?

முளைக்காத விதைக்கு உரம் எதற்கு? தாம்பரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கடலூர்: இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம், மேலே மஞ்சள் திட்டு.

வெண்துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். செடி நெருக்கத்தைக் குறையுங்கள். சாயங்காலத்தில் இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

ஈரோடு: சிறுநீரகக் கல் இருக்கிறது. கீரை சாப்பிடலாமா?

கீரையில் ஆக்ஸலேட் உண்டு, சிலவகைக் கல் உருவாக உதவும் பொருள் அது. உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கோவை: கடைந்தால் பழுப்பாகிவிடுகிறது.

மூடி போட்டிருப்பீர்கள். வேகும்போது கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு போக வேண்டும். மூடினால் அது சட்டிக்குள்ளேயே திரும்பச் சொட்டி, பச்சையத்திலுள்ள மக்னீசியத்தைக் கழற்றிவிடும். புளியும் அதே வேலையைச் செய்யும். அதனால் அடுப்பை அணைக்கும்போது சேருங்கள்.

திருச்சி (குறுக்கிட்டு): என் மாமியார் எப்போதும் மூடித்தான் வைப்பார். திறந்தால் சத்தெல்லாம் ஆவியில் போய்விடுமே!

வைட்டமின் சி ஆவியில் பறக்காது. சூட்டில் சிதையும், தண்ணீரில் கரையும். தண்ணீரைக் குறைவாக வைத்து, வடித்துக் கொட்டாமல் கடையுங்கள்.

சேலம் (குறுக்கிட்டு): ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் தீர்ந்தது.

பச்சை நிற்கும். கீரை கொழகொழக்கும், வைட்டமினும் போகும். வேண்டாம்.

திருச்சி: மூடினால் சீக்கிரம் வேகுமே?

இளங்கீரைக்கு ஐந்தாறு நிமிஷம். அதில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? பூண்டு, சீரகம், பச்சை மிளகாய் போட்டு மத்தால் கடைந்தால் மாமியார் கீரை ருசியாகத்தான் இருக்கும். வழக்கு நிறத்தைப் பற்றி மட்டும்.

வேலூர்: விதை முளைக்க எத்தனை நாள்?

மேலே இருக்கிறது. புதைக்காதீர்கள்!

நாகை: அறுத்த பிறகு மறுபடி துளிர்க்குமா?

அரைக்கீரை துளிர்க்கும், வேரோடு பிடுங்காமல் இருந்தால். இரண்டு அங்குலம் தண்டு விட்டு, கணுவுக்கு மேலே அறுங்கள். பூக்கதிர் தலைகாட்டினால் உடனே கிள்ளுங்கள், விட்டால் இலை சிறுத்துவிடும். ஐப்பசி அடைமழையில் மட்டும் புதிதாக விதைக்காதீர்கள், நாற்று அழுகிவிடும்.