இட்லி சரி, சாம்பார்தான் சந்தேகம்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. இரண்டு வருடமாக ரத்தசோகை, வயிற்றுப்போக்கு என்று அலைந்து, போன வருடம் எண்டோஸ்கோப்பி செய்து சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள். குளூட்டன் அறவே கூடாதாம். சப்பாத்தி, பூரி எல்லாவற்றையும் நிறுத்தினோம், நன்றாகத் தேறினாள். இப்போது கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இட்லி, தோசை, சாதம் தவிர எதையும் தொடுவதில்லை என்கிறாள். ஆனாலும் மறுபடி வயிறு உப்புசம், சோர்வு. ரத்தத்தில் டி.டி.ஜி. (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்) அளவும் ஏறியிருக்கிறது. வெளியே எதைத்தான் சாப்பிடுவது? கல்யாணம் காட்சிக்குப் போனால் என்ன செய்வது? – ஒரு தாய், ஈரோடு

பதில்: உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. அவள் சாப்பிடும் இட்லியில் குற்றமில்லை. அதன் மேல் ஊற்றும் சாம்பாரையும், தோசை வார்க்கும் கல்லையும்தான் நான் சந்தேகப்படுவேன்.

"நம்ம ஊர்ல என்னங்க கஷ்டம், எல்லாம் அரிசிதானே" என்று சொல்லாத உறவினர் இருக்க மாட்டார்கள். பாதி உண்மைதான். கோதுமை ரொட்டியே சாப்பாடாக இருக்கும் ஊர்களைவிட நமக்கு இது எளிது. ஆனால் அங்கே கோதுமை கண்ணுக்குத் தெரியும்படி தட்டில் இருக்கும். இங்கே அது தாளிப்பில் ஒளிந்திருக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அந்த இழுவையைத் தருவதுதான் குளூட்டன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். அது உள்ளே போனால் உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலமே சிறுகுடலைத் தாக்குவதுதான் சீலியாக். சீலியாக் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. தினமும் 50 மில்லிகிராம் என்று சில மாதம் போனால் குடலின் உள்சுவர் மறுபடி சேதமாகத் தொடங்கும். கோதுமை மாவின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது அரை கிராம் மாவு. இரண்டு விரலால் கிள்ளி எடுத்தால் வந்துவிடும்.

இப்போது உங்கள் அஞ்சறைப்பெட்டிக்கு வருவோம். நாம் கடையில் வாங்கும் பெருங்காயம் சுத்தமான பிசின் இல்லை. அந்தப் பிசினின் காரத்தையும் நெடியையும் அப்படியே தாங்க முடியாது என்பதால், மாவும் கோந்தும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. தூளுக்கும் இது பொருந்தும், கட்டிக்கும் பொருந்தும். நாலு பேர் சாம்பாருக்கு அரை கிராம் பெருங்காயம் போட்டு, அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஆறு மில்லிகிராம் குளூட்டன். இது சாம்பாருக்கு மட்டும். ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், இட்லிப்பொடி, சட்னித் தாளிப்பு என்று ஒரே நாளில் ஐந்து இடத்தில் பெருங்காயம் வருமே? விடுதி மெஸ்ஸில் மூன்று வேளையும் இதுதான். சப்பாத்தியைத் தொடாமலே டி.டி.ஜி. ஏறுவதற்கு இது போதும்.

அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது. பொட்டலத்தின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படித்து வாங்குங்கள். வீட்டுக்கு வாங்கும் சாம்பார்பொடி, ரசப்பொடியையும் அப்படியே பாருங்கள். "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த வாசகம் இருந்தால் நம்பலாம். மாவு மில்லையும் மறக்க வேண்டாம். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், உங்கள் ராகியோடு அவருடைய கடைசிக் கைப்பிடியும் உங்கள் பாத்திரத்தில் விழும். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எதிலும் குளூட்டன் கிடையாது, மில்தான் சிக்கல். கொஞ்சமாக வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வது மேல். 'சிறுதானிய' என்று பெயர் போட்ட சேமியா, நூடுல்ஸ், பிஸ்கெட்டில் பாதிக்கு மேல் கோதுமையோ மைதாவோ இருப்பது சர்வசாதாரணம். சத்துமாவில் கோதுமையும் பார்லியும் இருக்கும். ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை, அவையும் வேண்டாம்.

பெயரில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சம்பா அரிசி நெல். சம்பா ரவை கோதுமை. அரிசிதானே என்று நினைத்து சம்பா ரவை உப்புமா சாப்பிட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, ஹோட்டல். 'குளூட்டன்' என்ற சொல்லை அங்கே பேசிப் பயனில்லை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வட இந்தியாவில் பெரியவர்கள் நூறு பேரில் ஒருவருக்கு மேல் சீலியாக் இருந்தது. தென்னிந்தியாவில் ஆயிரம் பேருக்கு ஒருவர்தான். அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, இங்கே 25 கிராம்தான். நம் சர்வர் இந்த வியாதியைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. "குளூட்டன் இருக்குங்களா?" என்றால், ஏதோ கெட்ட வஸ்து என்று நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் நாங்க போடறதே இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்.

அதனால் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். "ஏங்கண்ணா, எனக்குக் கோதுமை ஒத்துக்காது. இதுல கோதுமை, மைதா, ரவை, சேமியா ஏதாச்சும் சேத்துவீங்களா? மாஸ்டரைக் கேட்டுச் சொல்றீங்களா?" அவ்வளவு போதும். 'அலர்ஜி' என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் புரியும். மருத்துவப்படி சீலியாக் அலர்ஜி இல்லைதான், ஆனால் டிபன் நேரத்தில் நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பற்றி வகுப்பெடுக்க முடியாது. ஒரு பொய்யும் சொல்லலாம் என்றே நான் சொல்லுவேன்.

டிபனில் எனக்கு நம்பிக்கை இட்லி மேல்தான். ஆவியில் வேகிறது, தனித் தட்டு, உள்ளே அரிசியும் உளுந்தும். தொட்டுக்கொள்ளத் தாளிக்காத தேங்காய்ச் சட்னி கேட்கலாம். இல்லையென்றால் வீட்டில் பெருங்காயம் போடாமல் இடித்த இட்லிப்பொடியை ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தனுப்புங்கள், நல்லெண்ணெய் கடையில் தருவார்கள். தோசை இரண்டாம்பட்சம். மொறுமொறுப்புக்கு மாவில் ரவையோ மைதாவோ சேர்க்கும் கடைகள் உண்டு. மாவு சுத்தமாக இருந்தாலும், ரவா தோசையும் கோதுமை தோசையும் அதே கல்லில்தான் வார்ப்பார்கள். தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளினால் கல் சுத்தம் என்பது அவர்கள் கணக்கு. சாயங்காலம் அதே கல்லில் கொத்துப் பரோட்டா போடும் சின்னக் கடைகளில் தோசைப் பேச்சே வேண்டாம். சூட்டில் எல்லாம் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. குளூட்டன் கிருமி இல்லை, கொதித்தாலும் பொரிந்தாலும் அப்படியே இருக்கும். அதனால்தான் உளுந்து வடையும் கூடாது என்கிறேன். வடையில் ஒன்றுமில்லை, ஆனால் பூரி பொரிந்த எண்ணெயில்தான் அதுவும் பொரிகிறது. வாழைக்காய் பஜ்ஜிக்கும் இதே கதை.

கோவையில் ஒரு வசதி, கேரளக் கடைகள் நிறைய உண்டு. அரிசிப் புட்டும் கடலைக் கறியும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் நல்ல தேர்வு. கோதுமைப் புட்டும் போடுகிறார்களா என்று மட்டும் கேட்க வேண்டும், குழல் ஒன்றாக இருக்கலாம். (இலங்கையிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்த வரி பொருந்தாது. அங்கே புட்டில் அவித்த கோதுமை மா கலப்பதும், இடியப்பத்தைக் கோதுமை மாவில் பிழிவதும் வழக்கம். சிவப்பரிசி மா மட்டுமா என்று கேட்காமல் தொட வேண்டாம்.)

அசைவம் சாப்பிடுவாள் என்றால் பிரியாணி பெரும்பாலும் சரி. பக்கத்தில் வைக்கும் சிக்கன் 65-இல்தான் மைதா. மீன் வறுவலில் என்ன மாவு, என்ன ரவை தடவினார்கள் என்று கேட்க வேண்டும். ஃப்ரைடு ரைஸ், மஞ்சூரியன் வகையை மறந்துவிடச் சொல்லுங்கள். சோயா சாஸ் பொதுவாகக் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைப்பது. இனிப்பில் திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலேதான். கடலை மிட்டாய், எள்ளுருண்டை பரவாயில்லை. ஐஸ்கிரீம் கப்பில் சரி, கோனில் கூடாது.

தினம் ஒரு கடை மாற்றுவதைவிட இரண்டு கடையைப் பிடித்துக்கொள்வது நல்லது. மூன்றாம் முறை போகும்போது மாஸ்டருக்கு அவள் முகம் தெரியும். கூட்டமில்லாத நேரத்தில் போய் ஒரு தடவை விளக்கமாகப் பேசட்டும். மத்தியானம் ஒரு மணிக்குக் கேட்டால் யாரிடமும் சரியான பதில் வராது.

விடுதிக்கு மருத்துவரின் கடிதத்தோடு நீங்களே ஒருமுறை போய் மெஸ் மேனேஜரைப் பாருங்கள். தனிச் சமையல் கேட்டால் முடியாது என்பார்கள். நான் கேட்கச் சொல்வது மூன்றே விஷயம்: தாளிப்பதற்கு முன் அவளுக்கு ஒரு கிண்ணம் வெந்த பருப்பு, தயிர், சப்பாத்திக் குருமாவில் முங்காத ஒரு தனிக் கரண்டி. முடிந்தால் மெஸ்ஸுக்கு வாங்கும் பெருங்காயத்தையே அரிசி மாவுப் பெருங்காயமாக மாற்றச் சொல்லலாம். செலவு அதிகமில்லை, சாம்பாரிலும் ரசத்திலும் பாதித் தலைவலி போய்விடும். பையில் எப்போதும் அவல், வேர்க்கடலை, வாழைப்பழம், வெல்லம் இருக்கட்டும். ரயிலிலும் இது காப்பாற்றும். ஊருக்கு வந்து திரும்பும் நாளில் நம் அரிசியும் பருப்பும் சாதத்தைக் கட்டிக்கொடுத்துவிடுங்கள், ராத்திரிவரை தாங்கும்.

கல்யாணப் பந்தியில் ருசியைவிடப் பாசம்தான் ஆபத்து. "ஒரு வாய் கேசரிதானே கண்ணு, என்ன ஆயிடப் போகுது" என்று அத்தைமார் இலையிலேயே வைத்துவிடுவார்கள். வைத்த பிறகு ஒதுக்கிவைத்துச் சாப்பிடுவது நடக்காது, ஒரே இலையில் எல்லாம் ஓடிக் கலக்கும். அதனால் பரிமாற வரும்போதே இலைமேல் கையை விரித்து மறைத்துவிட வேண்டும். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து, "அவளுக்கு டாக்டர் வேண்டாம்னுட்டாருங்க" என்று சொல்லிவிட்டால் அவளுக்குப் பாரம் குறையும். சாதம், பருப்பு, நெய், தேங்காய்ப் பொரியல், தயிர், பழம் போதும். நெருங்கிய வீட்டுக் கல்யாணம் என்றால் முந்தின நாளே சமையல் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். அப்புறம், கிளம்பும் முன் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுப் போவது நல்லது. பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் உறுதி தளரும்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்? முறிப்பதற்கு மருந்து எதுவும் இல்லை. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், எளிதான சாப்பாடு சாப்பிடட்டும், அடுத்த வேளையிலிருந்து பழையபடி தொடரட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரவில்லை என்பதால் உள்ளே பாதிப்பில்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பெருங்காயத்தைச் சரிசெய்து ஆறு மாதம் கழித்து டி.டி.ஜி. மறுபடி எடுங்கள். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துக் கையிருப்பு), வைட்டமின் டி, பி12 பார்த்துவிடுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் குடல் மருத்துவரிடம் போக வேண்டும், அதன் பிறகு சாப்பாட்டைக் குடைந்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும், வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், அந்த டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனையை ஒருமுறை எடுங்கள். இது குடும்பத்தில் ஓடும் நோய், தொந்தரவு இல்லாமலும் இருக்கும். பரிசோதனை முடியும்வரை யாரும் கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்திவிட்டு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டக்கூடும்.