காற்றும் மழையும் இல்லாத நிலவில் பள்ளங்கள் எப்படித் தேய்கின்றன?

விண்கல் மோதல்களால் உண்டான நிலவின் பள்ளங்களைத் தேய்ப்பவையும் பெரும்பாலும் பிற விண்கல் மோதல்களே. தென்கிழக்கு மேட்டுநிலத்தில் உள்ள யான்சென் என்னும் பள்ளம் இதற்கு மிகச் சிறந்த சான்று என்பேன். ஏறத்தாழ 190 கி.மீ. அகலமுள்ள அதன் சுற்றுவிளிம்பு இன்று பல இடங்களில் உடைந்தும் மழுங்கியும் கிடக்கிறது. அதன் வடகிழக்குப் பகுதியிலேயே, 78 கி.மீ. அகலமுள்ள ஃபாப்ரிசியஸ் என்னும் பள்ளம், கூரான விளிம்போடும் நடுவே மலைமுகடுகளோடும் முழுமையாக அமர்ந்திருக்கிறது. மேலே இருப்பது பின்னர் தோன்றியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது.

யான்சென் உருவானதற்குப் பிறகு அதன் வடக்கே நெக்டாரிஸ் என்னும் மாபெரும் பள்ளப் படுகையைத் தோற்றுவித்த மோதல் நிகழ்ந்தபோது, அங்கிருந்து வீசியெறியப்பட்ட பாறைத்துகள்கள் இதன் தரையின் ஒரு பகுதியை மூடிவிட்டன. இவை தவிர, மணலளவுகூட இல்லாத நுண்கற்கள் இடைவிடாது விழுந்து பாறைகளைப் பொடியாக்குகின்றன; அந்தப் பொடி சரிவுகளில் சிறிது சிறிதாக இறங்கி, கூர்மையான விளிம்புகளை மழுக்கிவிடுகிறது. இது மிக மெதுவான வேலை. சுமார் 10 கோடி ஆண்டு வயதுடைய டைக்கோ என்னும் பள்ளத்தைச் சுற்றி, மோதலில் சிதறிய பொருள்கள் கதிர்கள்போலப் படிந்த வெண்கோடுகள் இன்றும் பளிச்சிடுகின்றன. யான்செனோ 390 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது.

அமாவாசைக்குப் பின் நான்கைந்து நாள்களில், சூரிய ஒளி சாய்வாக விழும்போது, சிறிய தொலைநோக்கியிலேயே இவ்விரு பள்ளங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முழுநிலவன்று நிழல் இல்லாததால் யான்செனை அடையாளம் காண்பதே கடினம்.