காலி மனையில் முளைத்திருக்கும், நீளக் காம்பின் உச்சியில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட ஒற்றைப் பூ பூக்கும் செடி கரிசலாங்கண்ணியா?

இல்லை. நீளக் காம்பின் உச்சியில் ஒற்றைப் பூ என்கிறீர்களே, அப்படியென்றால் அது வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் சுண்டித் தலையைத் தெறிக்க விடுவோமே, அந்தத் தாத்தா பூதான். தலைக்கு எண்ணெய் காய்ச்சத்தானே கேட்கிறீர்கள்? நானும் அதற்காகத்தான் பறித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், முடி கொட்டுகிற கவலையில், தெருமுனை மனையில் ஒரு பை நிறையப் பறித்து, மிக்சியில் அரைத்து, ஒரு லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சினேன். எண்ணெய் கறுக்கவே இல்லை. ஊரிலிருந்து வந்த அம்மா மிச்சமிருந்த தழையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, முயலுக்குப் போடுறதையா தலைக்குக் காய்ச்சி வச்சிருக்க?" என்றார். இன்றுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும் உறவுக்காரர்களிடம் இந்தக் கதை உண்டு.

பூவின் நிறத்தை நம்பியதுதான் என் தப்பு. கரிசலாங்கண்ணி ஈரம் தேடும் செடி. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பாருங்கள். பூ இலைக்கணுவிலேயே குட்டைக் காம்பில் இருக்கும், நூல்நூலாக நிறைய வெள்ளை இதழ். தண்டை நசுக்கினால் கொஞ்ச நேரத்தில் விரல் கறுத்துவிடும். உங்களுடையதில் ஐந்தாறு இதழ்தான் இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல் வெட்டு. காய்ந்ததும் ஊதினால் விதை பஞ்சுக் குடையோடு பறக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றால் இதழும் மஞ்சள், அதில் குழப்பமே இல்லை.

உடனே சித்த வைத்திய அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெட்டுக்காயப் பூண்டில் மருத்துவ குணமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'நம் ஆதி மூலிகை' என்று மட்டும் எழுதாதீர்கள், இது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தேறிய செடி.

கிளறிப் போட்ட மண் என்றால் இதற்குக் கொண்டாட்டம். எங்கள் தெருவில் குழாய் பதிக்கிறோம் என்று தோண்டினார்கள். எட்டு மாதமாகியும் மண்மேட்டை அள்ளவில்லை. புகார் கொடுத்தால் அடுத்த வாரம் என்கிறார்கள், எந்த வாரத்துக்கு அடுத்த வாரமோ! மேடு முழுக்க இப்போது இதே பூ. போன மாதம் ஸ்கூட்டர் சறுக்கி அதன் மேலேயே விழுந்தேன். முழங்கைச் சிராய்ப்புக்கு அம்மா அங்கேயே இலை பறித்துக் கசக்கிச் சாறு விட்டார். அப்புறம் டெட்டனஸ் தடுப்பு ஊசியும் போட்டுக்கொண்டேன். அதற்கும் யாராவது சண்டைக்கு வருவீர்கள், தெரியும்.