கோச், அந்த 38,500 ரூபாய் உங்களுடையது

கேள்வி: எனக்கு வயது 38. உடற்கல்வி முதுகலையான எம்.பி.எட். முடித்திருக்கிறேன். கோவையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகளாக நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர். 11 மாத ஒப்பந்தம். மாதம் 35,000 ரூபாய், டி.டி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி போகக் கைக்கு 31,500 வரும். மே மாதம் சம்பளம் இல்லை. பி.எஃப். கிடையாது. என்னிடம் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு ஷூ, முட்டை, பால் என்று மாதம் 3,000 என் கைக்காசு போகிறது. வேலையை விட்டுவிட்டு, மாரத்தான் ஓடும் ஐ.டி. ஊழியர்களுக்கு முழுநேரமாகப் பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: விட வேண்டாம். முதலில் அந்த டி.டி.எஸ். விஷயத்தைப் பார்ப்போம். பல்கலைக்கழகம் உங்களுக்குச் சம்பளமாக இல்லாமல் தொழில்முறைக் கட்டணமாகத் தருகிறது. அதனால்தான் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அதனால்தான் பி.எஃப்.பும் இல்லை. ஆனால் உங்கள் ஆண்டு வருமானம் 3.85 லட்சம்தான். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. பிடித்த 38,500 ரூபாயும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும். ஆறு ஆண்டுகளில் ஒருமுறையாவது தாக்கல் செய்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்குக் கவலை. விட்டுப்போன ஆண்டுகளுக்கு, தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட வழி உண்டு. இந்த வாரமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

வருகிற 38,500-ல் 31,500-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அதுதான் உங்கள் மே மாதச் சம்பளம். மீதி 7,000 பி.பி.எஃப். என்ற அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டத்துக்கு.

ஐ.டி. ஊழியர்களுக்குச் சனி, ஞாயிறு காலையில் மட்டும் பயிற்சி கொடுங்கள். மாதம் 6,000 வந்தால் பாதி பிள்ளைகளின் ஷூவுக்கும் முட்டைக்கும், பாதி பி.பி.எஃப்.புக்கு. இதையும் ரிட்டர்னில் காட்டுங்கள். மொத்தம் 4 லட்சத்தைத் தாண்டினாலும், புதிய முறையில் வரித் தள்ளுபடி இருப்பதால் வரி வராது. கைக்காசு போடுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழிந்த ஷூவோடு வாரம் 100 கிலோமீட்டர் ஓடும் பையனை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஆனால் அது வீட்டுச் செலவுக்கான பணத்திலிருந்து போகக்கூடாது.

இப்படி ஆண்டுக்கு 43,000 ரூபாய் பி.பி.எஃப்.பில் போட்டால், 7.1 சதவீத வட்டி நீடிக்கும் பட்சத்தில், 20 ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் சேரும். 15 ஆண்டு முடிந்ததும் கணக்கை ஐந்து ஆண்டு நீட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், உடற்கல்வியில் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு எழுதுங்கள். முதுகலையில் 55 சதவீதம் இருந்தால், யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி உதவி உடற்கல்வி இயக்குநர் பதவிக்குப் போகலாம். யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. பல்கலைக்கழக அளவில் விளையாடிய சான்று கேட்பார்கள், தேடி எடுத்து வையுங்கள். உடல் தகுதித் தேர்வும் உண்டு: 40 வயது வரையிலான ஆண்கள் 12 நிமிடத்தில் 1,500 மீட்டர் கடக்க வேண்டும். அதை நீங்கள் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே ஓடிவிடுவீர்கள். படிக்க வேண்டியது நெட் தேர்வுத் தாள்களுக்குத்தான்.