ஒரு கோள் தன் பாறை அடுக்கை எப்படி இழக்கும்?

நமக்குப் பக்கத்திலேயே அப்படிச் சந்தேகப்பட ஒரு கோள் இருக்கிறது: புதன். அதன் ஆரம் சுமார் 2,440 கி.மீ. அதில் இரும்பு உள்ளகம் மட்டுமே ஏறக்குறைய 2,000 கி.மீ. மேலே பாறை 400 கி.மீ. சொச்சம்தான். கொட்டை பெருத்து சதை மெலிந்த மாம்பழம் மாதிரி. பூமியின் உள்ளகமோ ஆரத்தில் பாதியைச் சற்றே தாண்டும்.

சரி, மீதிப் பாறை எங்கே? பெரிய மோதல் ஒன்றைத்தான் பலரும் கைகாட்டுகிறார்கள். கோள் உருகி, கனமான இரும்பு நடுவில் இறங்கியபின் இன்னொன்று வந்து இடித்தால், சிதறுவது பெரும்பாலும் மேலிருக்கும் பாறைதான். சிதறியது திரும்ப விழுந்துவிடாதா? நியாயமான கேள்வி. ஓரளவு விழத்தான் செய்யும். அதனால், புதனே தன்னைவிடப் பெரிய கோளை உரசித் தப்பியது, பாறை அந்தப் பெரியதிடம் தங்கிவிட்டது என்ற யோசனை 2014-ல் வந்தது. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

சூரிய வெப்பத்தில் பாறை ஆவியானது என்றும் ஒரு கருத்து உண்டு. ஆனால் 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம் அங்கே கந்தகமும் பொட்டாசியமும் தாராளமாக இருப்பதைக் காட்டியது. பாறையே ஆவியாகும் சூட்டில் முதலில் ஓடிப்போவது அவைதானே!