லோத் ஆற்றங்கரை ஊர்கள்: கேட்டவையும் சொன்னவையும்

துலூஸுக்குக் குடிவந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் வடக்கே லோத் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவேன். பிரான்சின் நடுமலைகளில் பிறந்து, 480 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஓடி, கரோன் ஆற்றில் கலக்கிறது லோத். அதில் காஓர் நகருக்கும் ஃபிஜாக் நகருக்கும் இடைப்பட்ட பகுதியும், அங்கே வந்து சேரும் செலே என்ற சிற்றாறும்தான் எனக்குக் கால்பட்ட இடங்கள். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்களுக்கு 4 நாள்தான் இருக்கு. ரொக்கமதூர், சார்லா, கோன்க், சேன்-சிர்க்-லாபொப்பி எல்லாத்தையும் பாத்துட முடியுமா? (பாரிஸிலிருந்து)

முடியும் தங்கச்சி, ஆனால் பாதி நேரம் காருக்குள்தான் போகும். இந்த ஊர்கள் வரைபடத்தில் பக்கத்தில் தெரியும். சாலையோ ஆறு வளைகிற இடத்திலெல்லாம் வளையும். நான்கு நாளையும் இந்த ஒரே பள்ளத்தாக்குக்குக் கொடு. செலே லோத்தோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூஸியெஸ், கப்ரெரே, சேன்-சிர்க் மூன்றும் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே ஓர் அறை எடுத்துக்கொண்டால் பல இடங்களுக்கு நடந்தே போய்வரலாம். ரொக்கமதூர் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

ஊரெல்லாம் ஏன் பாறை விளிம்பில் தொங்குது? ஆத்தோரமா சமதளம் இருக்கே, அங்க கட்டியிருக்கலாமே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதல் காரணம் மண். மேலே உள்ள சுண்ணாம்புப் பீடபூமியை அங்கே ‘கோஸ்’ என்பார்கள். அதில் ஒரு சாண் தோண்டினால் கல் தட்டும். நல்ல வண்டல் ஆற்றோரத்தில் மட்டும்தான், அதுவும் ஒடுங்கிய நாடாவாக. அந்த மண்ணை வீடு கட்டி வீணடிக்க யாருக்கு மனசு வரும்? வெள்ள பயமும் உண்டு. ஆகவே உழுவதற்குக் கீழே, குடியிருப்பதற்குப் பாறைமேல்.

இரண்டாவது காரணம் காவல். ஆற்றில் படகுகளும் கரையில் வண்டிகளும் போகும் வழியை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1360-இல் நடந்த பிரெத்தினி உடன்படிக்கையில் இந்தக் கெர்சி நாடு ஆங்கில மன்னருக்குக் கைமாறியது. பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூற்றாண்டுப் போர் முழுக்க இங்கே கொள்ளையும் முற்றுகையும்தான். செங்குத்துப் பாறையின் பொந்தை முன்னால் சுவர் வைத்து அடைத்த காவலிடங்களைப் பூஸியெஸிலும் கப்ரெரேயிலும் இன்றும் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் அவற்றை ‘ஆங்கிலேயர் கோட்டை’ என்கிறார்கள்.

சேன்-சிர்க்-லாபொப்பி ரொம்பக் கூட்டம்னு கேள்விப்பட்டேன். போகணுமா?

கட்டாயம் போக வேண்டும், நேரம் பார்த்து. ஆற்றிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2012-இல் பிரெஞ்சு மக்களின் அபிமான கிராமமாகத் தேர்வானதிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் பகல்களில் தெருவில் தோள் இடிக்கும். காலை எட்டரைக்குள் ஏறிவிடுங்கள், இல்லையென்றால் மாலை ஆறுக்கு மேல் போங்கள். அந்த நேரத்தில் தெருக்கள் உங்களுக்கே சொந்தம்.

கடை முகப்புகளின் கல் வளைவுகளைக் கவனியுங்கள். அவற்றில் பல கைவினைஞர் பட்டறைகளாக இருந்தவை. இந்த ஊர் மரக்கடைசலுக்குப் பேர்போனது. சுற்றுக் காட்டில் வளரும் பாக்ஸ் மரம் இழைநெருக்கமானது, தண்ணீர் பட்டாலும் எளிதில் வெடிக்காது. அதைக் கடைந்து ஒயின் பீப்பாய்களுக்குக் குழாய் செய்தார்கள். காஓர் ஒயின் ஆற்றுவழியாகப் போர்தோவுக்குப் போன காலத்தில் இந்தத் தொழில் ஒரு தெருவையே வாழவைத்தது.

1950-இல் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இங்கே வந்தார். ஊரைப் பார்த்ததும் வீடு வாங்கி, 1966-இல் இறக்கும்வரை கோடைகாலங்களை இங்கேயே கழித்தார். அப்படி ஒருவரைப் பிடித்து நிறுத்திய ஊரை அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

குழந்தைகளோட நடக்க ஒரு பாதை சொல்லுங்க.

பூஸியெஸிலிருந்து சேன்-சிர்க் போகும் படகிழுப்புப் பாதை. ஆற்றின் எதிரோட்டத்தில் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப்போக ஆளும் மாடும் குதிரையும் நடந்த வழி அது. பாறை நேராக ஆற்றில் இறங்கும் இடத்தில் கரையே கிடையாது. அதனால் 1840-களில் பாறையையே குடைந்து பாதை வெட்டினார்கள். தலைக்குமேல் கல் கூரை, பக்கத்தில் பச்சைத் தண்ணீர். சுவரில் ஓரிடத்தில் மீன், நத்தை எல்லாம் செதுக்கிய புடைப்புச் சிற்பம் வரும். அது பழங்காலத்தது அல்ல, 1980-களில் தானியல் மொன்னியே என்ற சிற்பி செய்தது. குழந்தைகள் கை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள், தடவட்டும்.

சின்னக் கால்களுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஊருக்கு ஏறும் ஏற்றம் மட்டும் கடினம். ஆற்றுப்பக்கம் தடுப்பு இல்லை. சின்னவர்களின் கையை விடாதீர்கள்.

பெஷ் மெர்ல் குகையில இருக்கறது அசல் ஓவியமா, இல்ல லாஸ்கோ மாதிரி நகலா?

அசல், ஆதிமனிதர் வரைந்ததே. லாஸ்கோ குகையில் பார்வையாளர்களுக்குக் காட்டுவதுதான் நகல். அதனால்தான் இங்கே ஒரு நாளைக்கு 700 பேருக்குமேல் விடுவதில்லை. கோடையில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். 1922-இல் பதின்ம வயதுப் பையன்கள் இருவர் ஊர்ந்துபோய்க் கண்டுபிடித்தது. புள்ளிக் குதிரைகள் இரண்டின் வயது சுமார் 29,000 ஆண்டுகள். பாறையின் இயல்பான விளிம்பே ஒரு குதிரையின் தலைபோல் இருக்கிறது. அந்த விளிம்பைப் பார்த்துத்தான் வரைந்தவர் குதிரையை அங்கே வைத்திருக்க வேண்டும் என்று முதல் தடவை நின்றபோது எனக்குப் பட்டது. சாயத்தை வாயில் வைத்து ஊதித் தெளித்து வரைந்த முறையை ஆய்வாளர் மிஷேல் லோர்பிளான்ஷே தானே செய்து காட்டினார். புள்ளிகள் வெறும் கற்பனை என்று பல காலம் சொன்னார்கள். அப்படிப் புள்ளி விழுந்த குதிரைகள் அந்தக் காலத்தில் உண்மையாகவே இருந்தன என்று 2011-இல் மரபணு ஆய்வு காட்டியது.

எதையும் தொடாதீர்கள். மேலே சொன்ன பிரெத்தோன் 1952-இல் இங்கே மாமத யானை ஓவியத்தின் கோடு ஒன்றை விரலால் தேய்த்து, அசல்தானா என்று சோதித்து, வழக்கில் மாட்டி அபராதம் கட்டினார். உள்ளே குளிரும். ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

கார் இல்லை. வரலாமா, அக்கா?

வரலாம். பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்தும் துலூஸிலிருந்தும் காஓருக்கு நேரடி ரயில் உண்டு. காஓர்–ஃபிஜாக் பேருந்து ஆற்றோரமாகவே போகும். தூர்-த-ஃபோர் நிறுத்தத்தில் இறங்கிப் பாலம் தாண்டி ஏறினால் சேன்-சிர்க். ஞாயிறும் விடுமுறை நாட்களும் பேருந்து குறைவு. திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டுதான் நான் இறங்குவேன்.

எனக்கு வயது 68, முழங்கால் வலி. புதுச்சேரியிலிருந்து மகன் வீட்டுக்கு வருகிறேன். இதெல்லாம் எனக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும் ஐயா. சேன்-சிர்க்கின் கல்தெருக்கள் சரிவானவை, இறங்கும்போது முழங்காலை வாட்டும். ஊருக்கு வெளியே சாலையோரம் பாங்கூரெல் என்ற காட்சிமுனை இருக்கிறது. கோவிலும் ஓட்டுக்கூரைகளும் ஆற்றின் வளைவும் அங்கிருந்து ஒரே பார்வையில் விழும். ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது காஓர். வாலாந்த்ரே பாலம் சமதளம், நிதானமாக நடக்கலாம். 1308-இல் கட்டத் தொடங்கி 1378-இல் முடித்த மூன்று கோபுரப் பாலம். கட்டியவர் பிசாசோடு ஒப்பந்தம் போட்டாராம். கடைசியில் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஏமாற்றினாராம். கோபம் கொண்ட பிசாசு நடுக்கோபுரத்தின் ஒரு கல்லை இரவுதோறும் பிடுங்கிப்போடுமாம். 1879-இல் பாலத்தைச் செப்பனிட்ட கட்டடக்கலைஞர் போல் கூ அந்த மூலையில் ஒரு குட்டிப் பிசாசைச் செதுக்கவைத்தார். கழுத்தை நிமிர்த்தித் தேடிப்பாருங்கள்.

கோஸ் பீடபூமியில் என்ன இருக்கு? படத்துல வெறும் கல்லா தெரியுதே.

பார்க்கும்போது வறண்டு கிடக்கும். பெய்கிற மழை சுண்ணாம்புப் பிளவுகளில் இறங்கிவிடும், மேலே ஓடை கிடையாது. உள்ளே உள்ளேயே ஓடி, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாகப் பொங்கும். காஓரில் பாலத்துக்கு அருகே ஷார்த்ரூ ஊற்று அப்படித்தான் வருகிறது. மேலே குட்டை ஓக், ஜூனிப்பர், உழவர்கள் பொறுக்கி அடுக்கிய கல்வேலி, சாந்து இல்லாமல் கட்டிய கல்குடிசை. மே மாதத்தில் புல்லுக்குள் காட்டு ஆர்க்கிட்கள் பூத்திருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட செம்மறிகள் மேயும், மை தீட்டிய மாதிரி.

ஓர் ஆகஸ்டில் ஒரே ஒரு லிட்டர் தண்ணீரோடு அங்கே ஏறிவிட்டேன். பதினொரு மணிக்கே தீர்ந்துபோய், தலைசுற்றி உட்கார்ந்த என்னை ஒரு பண்ணைப் பெண்மணி வீட்டுக்கு அழைத்துப்போய்த் தண்ணீரும் அக்ரூட் கொட்டையும் கொடுத்தார். இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் உண்ணி இருக்கும், நீளக்கால்சட்டை போடுங்கள். இலையுதிர்காலம் வேட்டைப் பருவம், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.

நாங்க சைவம். பட்டினிதானா?

வாத்துக்குப் பெயர்போன ஊர், அதனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். பொரித்த உருளைக்கிழங்குகூடப் பெரும்பாலும் வாத்துக்கொழுப்பில்தான். ரொக்கமதூர் ஆட்டுப் பாலாடைக்கட்டியை ரொட்டியில் சூடாக வைத்து, அக்ரூட் கொட்டை தூவித் தரும் சாலட் எங்கும் கிடைக்கும். பாலாடைக்கட்டியில் விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும், கண்டிப்பான சைவர்கள் அதையும் யோசியுங்கள். காஓரில் புதன், சனி காலைச் சந்தையில் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்வதுதான் என் வழக்கம்.

செலே பக்கம் போக நேரம் ஒதுக்கலாமா?

ஒரு முழு நாள். ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரையின் கிளைப்பாதையான ஜி.ஆர். 651 நடைபாதை அந்த ஆற்றோரமாகவே போகிறது. எஸ்பாஞாக்கில் மரச்சட்டம் போட்ட மணிக்கூண்டும் பழைய கன்னிமடமும் இருக்கின்றன. மார்சியாக்கில் கூரை போன மடாலயத்துக்குள் நின்றால் தலைக்குமேல் வானம். இரண்டு இடத்திலும் வாரநாளில் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். கனூ என்ற துடுப்புப் படகு ஓட்ட மே, ஜூன் நல்லது. கோடை முடிவில் தண்ணீர் குறைந்து அடிக்கல் உரசும்.

எழுத்துகளில் ஆர்வம் உள்ளவன் நான். ஃபிஜாக் போகலாமா?

போங்கள். எகிப்திய எழுத்தைப் படித்துக்காட்டிய ஷாம்போலியோன் 1790-இல் பிறந்த ஊர். அவர் பெயரில் உலக எழுத்துகளின் அருங்காட்சியகம் உண்டு. பக்கத்து முற்றத்தில், அந்த எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டாக் கல்லின் மாபெரும் நகலைத் தரையாகவே பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நடக்கலாம்.

ராத்திரி அங்க பொழுது எப்படிப் போகும்?

எட்டு மணிக்குமேல் கடை இல்லை. கெர்சியின் இந்த மூலையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கறுப்பு முக்கோணம்’ என்பார்கள். விளக்கொளி அவ்வளவு குறைவு. கோஸ்மேல் ஒரு போர்வையை விரித்துப் படுங்கள். நிலா இல்லாத இரவாக இருக்கட்டும். ஆகஸ்ட் 12, 13 வாக்கில் போனால் எரிகற்களும் விழும்.